தொட்டால் சரியாகிவிடும் கோளாறு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "லினக்ஸ் சர்வரைப் பற்றி மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி கொஞ்ச நேரம் பேசுங்க" என்றார். லினக்ஸின் வரலாறு, பெருமை என்று குறிப்பெல்லாம் எடுத்து வைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அதையெல்லாம் நீங்கள் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம். புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது. அது நான் செய்த ஒரு தவறு. அந்தத் தவறால் ஒரு பெண்ணுக்கு வேலை போகப் பார்த்தது. அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று பட்டது.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் நெல்லும் மணிலாவும் கொள்முதல் செய்கிற ஒரு மண்டி. பெயர் வேண்டாம். 2021-ல் அவர்களுக்கு நான்தான் ஒரு லினக்ஸ் சர்வர் அமைத்துக் கொடுத்தேன். பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு டவர் பெட்டி. அதில் இயங்குதளத்துக்கு ஒரு எஸ்எஸ்டி, கணக்குகளுக்கு 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று. ஐந்து கணினியில் இருந்து எடைச் சீட்டு போடுவார்கள். எந்த விவசாயி எத்தனை மூட்டை கொண்டுவந்தார், எடை என்ன, அவருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அந்த ஒரு டிஸ்க்கில்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுப்பார்கள்.

மூன்று வருஷம் ஒரு தொல்லையும் இல்லை. அப்புறம் வந்தது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு நம்மில் யாருக்கு மறக்கும்? மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் போனதால் டிசம்பர் 2-ம் தேதி ரயில்களை நிறுத்தினார்கள். அந்த மண்டி அலுவலகத்திலும் முழங்கால் அளவு தண்ணீர். ஆனால் சர்வர் தப்பித்தது. கணக்கு எழுதுகிற பெண் சாயங்காலமே வானத்தைப் பார்த்துவிட்டு, தரையில் இருந்த பெட்டியைக் கழற்றிப் பக்கத்து மேஜை மேல் தூக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். யாரும் சொல்லவில்லை, அவராகவே செய்தது. தண்ணீர் வடிந்த பிறகும் தரை ஈரமாகவே இருந்ததால் பெட்டி அந்த மேஜையிலேயே தங்கிவிட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஜனவரி. பொங்கல் முடிந்து சம்பா நெல் வரத்து ஆரம்பித்த நேரம். ஒரு நாள் மாலை போன். "தம்பி, சீட்டு ஏறமாட்டேங்குது. எதை அடிச்சாலும் 'ரீட் ஒன்லி'ன்னு வருது." போய்ப் பார்த்தேன். லினக்ஸில் இதற்கு ஒரு அர்த்தம் உண்டு. கோப்பு முறைமையில் ஏதோ முரண்பாடு என்று கெர்னல் கண்டுபிடித்தால், மேலும் கெடுத்துவிடாமல் இருக்க அந்த டிஸ்க்கைப் 'படிக்க மட்டும்' என்று மாற்றிவிடும்படி அமைத்திருப்போம். கதவைச் சாத்திவிட்டு "ஆளைக் கூப்பிடு" என்று சொல்கிற மாதிரி. நான் என்ன செய்தேன்? ரீபூட் செய்தேன். எல்லாம் ஓடியது. "சரியாப் போச்சு சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம், "மறுபடி வந்தா நேரத்தை எழுதி வைம்மா" என்றேன். ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான்.

நாலாம் நாள் மறுபடியும் போன். இந்த முறை கொஞ்சம் 'தீவிரமாக' வைத்தியம் பார்க்கலாம் என்று எஃப்எஸ்சிகே ஓட்டினேன். கேட்கிற எல்லாக் கேள்விக்கும் 'ஆமாம்' என்று தானாகவே பதில் சொல்லும்படி ஓட்டினேன். பக்கத்தில் பாதியில் நின்றிருந்த அச்சுப்பொறி, மிச்சப் பக்கங்களை அடித்துக்கொண்டிருந்தது. எஃப்எஸ்சிகே நடுவில், "இந்த பிளாக்கைப் படிக்க முடியவில்லை, பிழையை விட்டுவிடவா?" என்றது. ஆமாம். "வலுக்கட்டாயமாக மறுபடி எழுதவா?" என்றது. ஆமாம். முடிந்தபோது இரண்டு நாள் கணக்கு 'லாஸ்ட் பவுண்ட்' என்ற அடைவுக்குள் பெயரில்லாத துண்டுகளாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை நகல் இருந்தது, ஆனால் அதற்குப் பிறகு வந்த கணக்கு?

அந்தப் பெண்தான் சீட்டுகளின் கார்பன் நகலை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி ஏற்றினார். ராத்திரி பத்தரை மணிக்கு அவருடைய தம்பி வண்டி எடுத்துக்கொண்டு வந்து வாசலில் காத்திருந்தான். அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை: கோளாறு பாதி, என் அவசரம் பாதி.

இங்கே கொஞ்சம் பாடம். ஈஎக்ஸ்டி4 என்கிற கோப்பு முறைமை 2008-ல் லினக்ஸ் கெர்னலில் நிலைபெற்றது. அதில் 'ஜர்னல்' இருக்கிறது என்று ஓஎஸ் லேபில் படித்திருப்பீர்கள். மண்டிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. முதலில் சிட்டாவில் குறித்துக்கொள்கிறோம், பிறகு பேரேட்டில் ஏற்றுகிறோம். நடுவில் கரண்ட் போனால் சிட்டாவைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்யலாம். அதுதான் ஜர்னல். ஆனால் ஒரு சங்கடம் உண்டு. டிஸ்க்குக்குள்ளேயே ஒரு சின்ன நினைவகம் இருக்கிறது. கெர்னல் கொடுப்பதை அதில் வாங்கி வைத்துக்கொண்டு, தட்டில் எழுதும் முன்பே "எழுதிட்டேன்" என்று டிஸ்க் சொல்லிவிடும். நிஜமாகவே எழுதியாக வேண்டிய இடங்களில் கெர்னல் "இப்பவே தட்டில் இறக்கு" என்று தனியாக ஆணையிடும். இந்த ஏற்பாடு, முழு இயந்திரமும் ஒன்றாக அணைந்தால் நன்றாகவே காப்பாற்றும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் மட்டும் ஒரு நொடி செத்துப் பிழைத்தால்? குமாஸ்தா மயங்கி விழுந்து எழுந்து, கையில் இருந்த தாளைத் தொலைத்துவிட்டார். முதலாளிக்கு அது தெரியாது, "எழுதிட்டேன்னு சொன்னாரே" என்று மேலே மேலே கணக்கு சொல்லிக்கொண்டே போகிறார். அந்த நிலையில் சிட்டாவும் பேரேடும் ஒத்துப்போகாது. நம் மண்டியில் நடந்தது அதுதான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதற்குள் நான் செய்ததைக் கேளுங்கள். டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புது டிஸ்க் போட்டேன். பத்து நாள் அருமையாக ஓடியது. "பாத்தீங்களா, டிஸ்க்தான்" என்றேன். பதினோராம் நாள் மறுபடி. டேட்டா கேபிளை மாற்றினேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது. எட்டாம் நாள் மறுபடி. முதலாளி, "என்னா தம்பி, புது டிஸ்க்கும் இப்படியே பண்ணுது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பதில் மேனேஜரிடம் இருந்தது. "சார், இந்தப் பொண்ணு உட்கார்ந்திருக்கும்போதுதான் இது நிக்குது. நடுவுல ரெண்டு நாள் லீவு போச்சு. அந்த ரெண்டு நாளும் ஒண்ணுமே ஆகல. என்னமோ தப்பா அழுத்துது" என்றார். நண்பர்களே, அவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன கணக்கு சரிதான். நானும் "அப்படி எதுவும் அழுத்த முடியாது சார்" என்று பலமாகச் சொல்லவில்லை. எனக்குக் காரணம் தெரியாதபோது, காரணம் வேறொருவர் மேல் விழுவது ஒரு விதத்தில் வசதியாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மார்ச் மாதம் ஒரு நாள், "நாளையில இருந்து வர வேணாம்" என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலை நான் அங்கே இருந்தேன். அவர் பையை எடுத்துக்கொண்டு வந்து ஒரு நாற்பது பக்க நோட்டை என்னிடம் நீட்டினார். "நீங்க எழுதச் சொன்னீங்களே அண்ணா, எழுதி வெச்சிருக்கேன்" என்றார். நான் சொன்னதே எனக்கு மறந்து போயிருந்தது.

ஒன்பது முறை நின்றிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தேதி, மணி, நிமிஷம், அப்போது என்ன வேலை நடந்தது என்று ஒரு வரி. ஒன்பதில் எட்டு, மாலை ஐந்தரைக்கும் ஆறேகாலுக்கும் நடுவில். எட்டிலும் ஒரே வரி: 'நாள் கணக்கு பிரிண்ட்'. அவர் லீவு போட்ட இரண்டு நாளும் நாள் கணக்கு அச்சடிக்கவே இல்லை. மறுநாள் சேர்த்து அடித்திருக்கிறார். மேனேஜர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். நோட்டு அச்சுப்பொறியைக் காட்டியது.

எடைச் சீட்டெல்லாம் சின்னத் தெர்மல் பிரிண்டரில் போகும். நாள் கணக்கு மட்டும் அகலத் தாளில், பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில். அது இருந்தது எந்த மேஜையில்? புயல் அன்று சர்வரைத் தூக்கி வைத்த அதே மேஜையில். அது ஓடினால் மேஜையே நடுங்கும்.

அன்று இரவு செய்ய வேண்டியதை முதல் முறையாக முறைப்படி செய்தேன். முதல் வேலை, கணக்கு முழுவதையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்து, நகல் திறக்கிறதா என்றும் பார்த்தேன். இரண்டாவது, கெர்னல் பதிவைப் படித்தேன். இத்தனை நாளும் கடைசி வரியைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வரி 'ஈஎக்ஸ்டி4 பிழை' என்று சொல்லும். அது விளைவு. பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேலே, முதல் வரியில், டிஸ்க்கோடு இருந்த தொடர்பே அறுந்துவிட்டது, மறுபடி இணைக்க முயல்கிறேன் என்று கெர்னல் எழுதி வைத்திருந்தது. நோட்டில் இருந்த நேரமும் பதிவில் இருந்த நேரமும் நிமிஷத்துக்கு நிமிஷம் பொருந்தின.

மூன்றாவது, 'ஸ்மார்ட்' அறிக்கை. ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிற ஏற்பாடு அது. இதில் சில எண்களை மாணவர்கள் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. 5-ம் எண், கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். 197, படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருப்பவை. இவை ஏறினால் டிஸ்க்கின் தட்டில்தான் கோளாறு. 199 ஏறினால் டேட்டா கேபிளையோ அதன் இணைப்பையோ சந்தேகப்படலாம். வழியில் தகவல் சிதைந்ததை டிஸ்க் எண்ணி வைக்கிற இடம் அது. எங்கள் டிஸ்க்கில் 5, 197 இரண்டும் பூஜ்யம். 199 அசையவில்லை. பழைய டிஸ்க்கிலும் அதே கதைதான். அதாவது டிஸ்க்கும் குற்றவாளி இல்லை, கேபிளும் இல்லை. ஜனவரியிலேயே இதைப் படித்திருந்தால் இரண்டு பேருக்கும் தண்டனை கொடுத்திருக்க வேண்டியதில்லை.

விடை 12-ம் எண்ணில் இருந்தது. டிஸ்க்குக்கு எத்தனை முறை மின்சாரம் போய் வந்தது என்ற எண். புது டிஸ்க் மாட்டிய அன்று எடுத்து வைத்த அறிக்கையில் அது 3. இப்போது 31. ஆனால் சர்வரை முழுவதும் அணைத்து ஏற்றியது அந்த இடைவெளியில் 7 முறைதான். மீதி 21 முறை, சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்குக்கு மட்டும் மின்சாரம் அறுந்திருக்கிறது. பல முறை நமக்குத் தெரியாமலேயே விழுந்து எழுந்திருக்கிறது. அதே பெட்டியில் இருந்த எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் யுபிஎஸ் மேலும் பழி இல்லை, எஸ்எம்பிஎஸ் மேலும் பழி இல்லை. இந்த ஒரு டிஸ்க்குக்குப் போகிற கடைசி ஒரு சாண் வயர்தான் மிச்சம்.

அந்த ஒரு சாண் வயர் என்ன தெரியுமா? எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பின் எட்டவில்லை என்று 2021-ல் நானே வாங்கிப் போட்ட ஒரு மலிவான கன்வர்ட்டர் வயர். பழைய நாலு பின்னில் இருந்து சாட்டாவுக்கு மாற்றுவது. தரையில் ஆடாமல் இருந்தவரை அது வேலை செய்தது. நடுங்குகிற மேஜைக்கு வந்ததும் பின் தளர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் டிஸ்க்கையோ கேபிளையோ நான் மாற்றும்போது அந்தப் பின்னையும் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டினேன். அதனால் கொஞ்ச நாள் சரியாக இருந்தது. நான் மாற்றிய பொருளால் இல்லை, நான் தொட்டதால். தொட்டால் சரியாகிவிடும் கோளாறுதான் கோளாறுகளிலேயே மோசமானது என்று அன்று புரிந்தது.

சந்தேகத்தை நிரூபிக்க வேண்டும் அல்லவா? பிரிண்டரைப் பக்கத்து அறைக்கு நகர்த்தி நாள் கணக்கு அடித்தேன். எண் 31-லேயே நின்றது. மறுபடி மேஜைக்குக் கொண்டுவந்து அடித்தேன். இரண்டாம் முறை வரை 31. மூன்றாம் முறை 32. வயரை எடுத்துவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் இன்னொரு சாட்டா பின்னை இழுத்து நேராக மாட்டினேன். அதே மேஜை, அதே பிரிண்டர், பத்து முறை அடித்தேன். சர்வரை அணைத்து ஏற்றியதற்கு ஒன்று கூடி 33 ஆனது, அதற்கு மேல் ஏறவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதைத் திரும்ப வைத்துக் கோளாறு திரும்புகிறதா என்று பார். இரண்டு மாதம் நான் செய்யாதது இதுதான்.

மறுநாள் காலை முதலாளி முன்னால் எல்லாவற்றையும் வைத்தேன். எஃப்எஸ்சிகே விஷயத்தையும் சேர்த்துத்தான். "வயர் என்னுது சார், அந்தப் பொண்ணு மேல ஒண்ணுமில்ல" என்றேன். அவர் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பிறகு போனை எடுத்து, "நாளைக்கு வந்துடும்மா" என்றார். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று நான்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருந்தது. கொடுத்தார்கள். நான் அந்தப் பெண்ணிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணா, பிரிண்டரைத் தள்ளி வெச்சிட்டீங்கல்ல" என்றார். அவ்வளவுதான்.

தம்பி தங்கைகளே, இப்படி வந்து வந்து மறைகிற கோளாறு நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. ஜிம் கிரே என்ற கணினி அறிஞர் 1985-லேயே, கணினிகள் ஏன் நின்று போகின்றன என்று ஆராய்ந்து ஒரு அறிக்கை எழுதினார். தேடப் போனால் ஒளிந்துகொள்கிற பிழைகளுக்கு அதில் 'ஹைசன்பக்' என்ற பெயரைப் பயன்படுத்தினார். 2007-ல் கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். செத்துப்போன டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், ஸ்மார்ட் எண்களில் எந்த அறிகுறியும் காட்டாமலே செத்தன என்பது அதில் ஒரு முடிவு. ஆகவே ஸ்மார்ட் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக டிஸ்க்கை நம்பிவிடக் கூடாது. அறிக்கை ஒரு சாட்சி. தீர்ப்பை நாம்தான் எழுத வேண்டும்.

நீங்கள் நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் ஒரு சர்வர் இப்படி விட்டு விட்டு மக்கர் செய்தால், இந்த வரிசையை மறக்காதீர்கள். முதலில் தகவலைக் காப்பாற்றுங்கள். டிஸ்க்கே சரியாகப் படிக்காவிட்டால் டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்க்கையும் நகல் எடுத்து, வைத்தியத்தை நகலில் செய்யுங்கள். வன்பொருள் மேல் சந்தேகம் இருக்கும்வரை எஃப்எஸ்சிகே-க்கு 'ஆமாம்' சொல்லாதீர்கள். எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் ஓட்ட ஒரு வழி இருக்கிறது, அதில் ஓட்டுங்கள். பதிவின் முதல் வரியைத் தேடிப் படியுங்கள். மின்சாரம், வயர், மெமரி, டிஸ்க் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மாற்றுவதற்கு முன் எண்களைக் குறித்து வையுங்கள். அன்று குறித்து வைத்த அந்த 3 என்ற எண் இல்லாவிட்டால் 31-க்கு அர்த்தமே இருந்திருக்காது.

இதையெல்லாம் கற்றுக்கொள்ளச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. விழுப்புரத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே சொல்லித் தருகிறார்கள். ஒரு பழைய கணினியும் கெட்டுப்போன டிஸ்க்கும் கிடைத்தால் போதும், பழகிவிடலாம்.

கடைசியாக ஒன்று. கருவியின் முன்னால் உட்கார்ந்து தினமும் வேலை செய்கிறவருக்கு அந்தக் கருவியைப் பற்றி நமக்குத் தெரியாதது தெரியும். அவருக்கு அதன் பெயர் தெரியாமல் இருக்கலாம். நேரம் தெரியும். கேட்டால் சொல்வார்கள். நான் இரண்டு மாதம் கேட்கவில்லை. இப்போது நான் போகிற ஒவ்வொரு இடத்திலும் சர்வர் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டு வருகிறேன். அடுத்த முறை போனதும் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் அதைத் திறக்கிறேன்.